பையை யார் பார்த்துக்கொள்வது?

ஏற்காட்டில் "லேடீஸ் சீட்" என்று ஓர் இடம் இருக்கிறது. பெயரைக் கவனித்தீர்களா? பெண்களின் ஆசனம்! வெள்ளைக்காரர் காலத்தில் எவளோ ஒரு சீமாட்டி மாலைதோறும் அங்கே வந்து உட்கார்ந்து சூரியாஸ்தமனத்தைப் பார்த்துக் கொண்டிருப்பாளாம்; அதனால் அந்தப் பெயராம். கதை மெய்யோ பொய்யோ, இடம் மெய். காலடியில் மலை முடிந்து விடுகிறது. மூவாயிரம் அடிக்கும் மேற்பட்ட பள்ளத்தில் சேலம் நகரம் கோலமாவைக் கொட்டினாற்போல் பரந்து கிடக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே நின்று ஒரு கணக்கு எடுத்தேன். பள்ளத்தைப் பார்த்து நிற்பவர்கள் எத்தனை பேர், பள்ளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று. முதுகைக் காட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் நம்மவர்களே! ஒருத்தி குழந்தைக்குப் புளியோதரை ஊட்டிக் கொண்டிருந்தாள். இன்னொருத்தி பிளாஸ்க்கின் மூடியைத் தேடிக் கொண்டிருந்தாள். ஓர் அம்மாள் ஐந்து பைகளையும் மூன்று ஜோடிச் செருப்புகளையும் காவல் காத்துக் கொண்டிருந்தாள். பெண்களின் ஆசனந்தான், சந்தேகமில்லை. ஆனால் மலையைப் பார்ப்பதற்கு அல்ல, மூட்டையைப் பார்ப்பதற்கு!

சிரிக்க வேண்டாம். சென்ற தடவை நீங்கள் மலைக்குப் போனபோது, "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, நான் பையைப் பார்த்துக்கறேன்" என்று சொன்னது யார்? கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இந்த வாக்கியத்துக்குச் சொந்தக்காரி என் மாமியார். அத்தை சேலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மொட்டை மாடியில் வடாம் காய வைக்கும்போதெல்லாம் வடக்கே சேர்வராயன் மலை தெரியும். 1973-ல், கல்யாணமான புதிதில், வீட்டோடு பஸ் ஏறி ஏற்காட்டுக்குப் போனார்கள். ஏரிக்கரை மரத்தடியில் ஜமக்காளத்தை விரித்து மூட்டைகளை இறக்கியதும், "புதுப் பொண்ணு பார்த்துக்கட்டும்" என்றார்களாம் பெரியவர்கள். கூட்டம் முழுவதும் மலை பார்க்கப் போயிற்று. மாமா மட்டும் திரும்பி வந்து, "அடுத்த தடவை உன்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்" என்று சொன்னாராம்.

அடுத்த தடவையும் வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. நாத்தனார் குடும்பம், சம்பந்தி வீட்டார், பம்பாயிலிருந்து வந்த உறவு என்று நாலைந்து தடவை அத்தை ஏற்காடு போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கூடவே சாப்பாட்டுக் கூடையும் போயிருக்கிறது. மாமா காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. போன மாதம் ஏதோ பேச்சுவாக்கில், "அந்த லேடீஸ் சீட் எப்படி கண்ணு இருக்கும்?" என்று அத்தை என்னைக் கேட்டார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது.

அந்த வாரமே கிளம்பி விட்டோம்.

ஏற்காட்டுக்கு ஏற இரண்டு சாலைகள் உண்டு. ஒன்று எல்லோரும் அறிந்தது: சேலத்திலிருந்து நேராக அடிவாரம் போய், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறுவது. மற்றொன்று குப்பனூர்ச் சாலை. அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி அரூர் போகும் வழியில் குப்பனூர் என்று ஒரு கிராமம். அங்கே இடது பக்கம் திரும்பினால் மலையின் கிழக்கு முதுகில் ஏறலாம். வளைவுகள் அங்கும் இருக்கின்றன. ஆனால் கூட்டம் குறைவு. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் துரத்த மாட்டான். நின்று பார்க்க நினைத்தால் அகலமான இடமாகப் பார்த்து ஓரமாக நிறுத்தலாம். நாங்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம்.

குப்பனூரில் வெயில் சுள்ளென்று அடித்தது. கொஞ்ச தூரம் ஏறியதும் காற்று மாறிவிட்டது. முதலில் முட்புதரும் மூங்கிலும். அப்புறம் கொட்டச்சேடு பக்கத்தில் தேக்கு மரங்கள். அதற்கும் மேலே காப்பித் தோட்டங்கள். நெடுநெடுவென்று வளர்ந்த வெள்ளி ஓக் மரங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. அவற்றின் நிழலில் காப்பிச் செடி, அவற்றின் உடம்பைக் கட்டிக் கொண்டு மிளகுக் கொடி. "ஒரு மரத்தை நம்பி எத்தனை பேர் பிழைக்கறாங்க, பாரு" என்றார் அத்தை. சேலத்தில் 1820-களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற துரைதான் இந்த மலையில் காப்பியை ஊன்றியவர். நாம் இன்றைக்கு டிகாக்ஷன் இறங்கவில்லையே என்று கவலைப்படுவதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் அவரும் ஒருவர் என்று வைத்துக் கொள்ளலாம்! மார்ச், ஏப்ரலில் ஒரு கோடை மழை பெய்தால் காப்பிச் செடி ஒரே சமயத்தில் வெள்ளை வெளேரென்று பூத்து மல்லிகைப் பந்தலைப் போல் மணக்கும். அந்த வாரத்தில் போக உங்களுக்கு வாய்த்தால் விட்டு விடாதீர்கள்.

முதலில் பகோடா பாயிண்ட். ஏரியிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. கற்களைக் கோபுரம் போல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் இந்தப் பெயர். காலை நேரத்தில் போக வேண்டிய இடம் இது. கிழக்கே சூரியன் எழும்பி, பள்ளத்தாக்கில் படுத்திருக்கும் பனி மெள்ள மெள்ளப் போர்வையை உதறும் சமயம் பார்க்க வேண்டும். கீழே காக்கம்பாடிக் கிராமம் ஓடும் வயலுமாகத் தெரிகிறது.

அங்கே ஒரு தகப்பனார் தம் பையனுக்குப் பாடம் சொல்லிக் கொண்டிருந்தார். "இந்த மலை முழுசும் ஒரு காலத்தில் எரிமலைடா! அதோட வாயிலேதான் இப்போ ஏரி இருக்கு!" பையன் கண்ணை அகல விரித்துக் கேட்டுக் கொண்டிருந்தான். பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் அது சரியல்ல. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான மலைகளைப் பார்க்க வேண்டுமானால் மகாபலேசுவரத்துக்குப் போக வேண்டும். அங்கே சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த குழம்பு அடுக்கடுக்காக நிற்கிறது. இன்னும் உயிரோடு புகைகிற எரிமலை வேண்டுமென்றால் அந்தமானுக்கு அப்பால் பாரன் தீவு இருக்கிறது.

சேர்வராயன் மலையின் கதை வேறு. இது பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கருங்கல். பூமிக்கு அடியில் பல மைல் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து பக்குவமான கல். வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு! மேலிருந்த மண்ணும் பாறையும் காலப்போக்கில் கரைந்து போக, அடியிலிருந்தது இன்று உச்சியாக நிற்கிறது. பெயர் வந்த விதம் வேடிக்கையானது. கல்கத்தா நகரை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறையில் பதித்த கல் நம் சென்னைப் பல்லாவரத்துக் கல். தாமஸ் ஹாலண்ட் என்ற நிபுணர் அதை ஆராய்ந்து 1893-ல் அவர் பெயரையே கல்லுக்கும் சூட்டி விட்டார். பல்லாவரத்துக் குன்றும் பரங்கிமலையும் சேர்வராயனும் ஒரே ஜாதி. ஏரி எரிமலையின் வாயும் அல்ல. ஏரியும் காடும் சேர்ந்த ஊர், ஏற்காடு. அவ்வளவுதான்.

இதை நான் சொன்னபோது அத்தை குனிந்து பாறையைத் தடவிப் பார்த்தார். "நம்ம அம்மிக் கல்லு மாதிரில்ல இருக்கு!" என்றார். பையனின் தகப்பனார் என்னை முறைத்தார். எரிமலையை அம்மியாக்கி விட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அந்தச் சமயம் கீழேயிருந்து ஒற்றையடிப் பாதையில் ஒரு பெண் ஏறி வந்தாள். தலையில் விறகுக் கட்டு. இந்த மலையின் பூர்வ குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள். பேசுவது தமிழ். முன்னொரு காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வம்சம் என்றும், மூவரும் மூன்று மலைகளில் குடியேறினார்கள் என்றும் அவர்களிடையே கதை உண்டு. "ஏறி வர எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்று அத்தை கேட்டார். "யாரு பார்த்தா?" என்று சொல்லிச் சிரித்து விட்டுப் போய் விட்டாள் அவள். நாம் ஷூ மாட்டிக் கொண்டு "டிரெக்கிங்" என்று பெயர் சொல்லி நடக்கிற பாதைகளில் பல, இவர்கள் சந்தைக்கும் தோட்டத்துக்கும் கோயிலுக்கும் நடந்து நடந்து தேய்த்த பாதைகள். அவற்றில் நடக்கும்போது சுமையோடு வருகிறவர்களுக்கு முதலில் வழி விடுங்கள். சிப்ஸ் பொட்டலத்தின் உறையைப் போட்டு விட்டு வராதீர்கள். அது அவர்கள் வீட்டு வாசல்.

அடுத்து சேர்வராயன் கோயில். மலையின் உச்சி அதுதான். கடல் மட்டத்துக்கு மேல் 5,300 அடிக்குச் சற்று அதிகம். மேலே போனால் கூம்பு போல் இராது. விசாலமான மைதானமாக இருக்கும். செம்மண் பூமி. அந்தச் சிவப்புக்குள் பாக்சைட் இருக்கிறது. நம் வீட்டு அலுமினியப் பாத்திரத்துக்கு மூலப் பொருள் அது. இந்த மலையில் பல வருஷம் வெட்டி எடுத்திருக்கிறார்கள். கோயில் ஒரு குகை. தலையைக் குனிந்து உள்ளே போனால் குளிர்ச்சியும் இருட்டுமாக, சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களெல்லாம் திரண்டு வரும். அத்தை குகைக்குள்ளிருந்து வெளியே வந்து காற்றில் நின்றார். புடவைத் தலைப்பு கொடி போல் பறந்தது. அதை இழுத்துச் செருகக்கூட இல்லை.

இங்கே பைகளைப் பற்றிச் சொல்லி விடுகிறேன். கிளம்பும்போதே ஒரு சட்டம் போட்டிருந்தோம். ஒருவருக்கு ஒரு தோள் பை. அதில் அவரவர் தண்ணீர், அவரவர் துண்டு. சாப்பாட்டுக் கூடை கிடையாது. ஏரிக்கரையில் பஜ்ஜி கிடைக்கிறது, ஊருக்குள் சாப்பாடு கிடைக்கிறது. ஒரு நாளைக்குப் புளியோதரை இல்லாவிட்டால் குடும்பம் கவிழ்ந்து விடாது. அப்படியும் ஏதாவது பொது மூட்டை சேர்ந்து விட்டால் அதைக் காப்பதற்கு முறை வைத்தோம். பகோடா பாயிண்டில் என் கணவர் முறை. பத்து நிமிஷத்துக்குள் இரண்டு தடவை, "பார்த்தாச்சா?" என்று கேட்டார். "இப்பத்தானேடா வந்தோம்" என்றார் அத்தை.

இன்னொரு விஷயம், சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்ல வேண்டியது. வெளியூர் போனால் நம்மில் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. ஒதுங்க இடமில்லையே என்ற பயம். அதனால் தலைவலி, மயக்கம், அப்புறம் "எனக்கு முடியலை, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்." வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஊருக்குள் ஹோட்டலிலோ ஏரிக்கரைப் பக்கமோ வசதியைப் பார்த்து முடித்துக் கொண்டு, அப்புறம் மலை விளிம்புகளுக்குப் புறப்படுங்கள். புறப்படும் நேரத்தை இதையும் கணக்கில் வைத்துத் தீர்மானிக்கும்படி வீட்டு ஆண்களிடம் வாய் விட்டுச் சொல்லுங்கள். தண்ணீர் குடியுங்கள்.

மத்தியானம் கிளியூர் அருவிக்குப் போனோம். ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் சுமார் 300 அடி விழுந்து கிளியூர் அருவியாகிறது. மழைக்குப் பின்னால் போனால் அருவி. கோடையில் போனால் வெறும் பாறை. அருவியின் காலடி வரை போக நிறையப் படிகள் இறங்க வேண்டும்; திரும்ப ஏறவும் வேண்டும். பாசி வழுக்கும். அத்தை மேலே நின்று எட்டிப் பார்த்தார். முழங்காலைத் தட்டிப் பார்த்துக் கொண்டார். "இது எனக்கு ஆகாது. நீங்க போயிட்டு வாங்க, நான் உட்கார்ந்திருக்கேன்" என்றார். நாங்கள் விட்டு விட்டோம். அவர் தாமாகப் பார்த்து, தாமாகத் தீர்மானித்து உட்கார்ந்தார். 1973-ல் உட்கார்ந்ததும் இதுவும் ஒன்றல்ல. நாங்கள் ஏறி வந்தபோது, ஒரு காப்பித் தோட்டத்துக்காரப் பெண்மணியிடம் மிளகு விலையை விசாரித்துக் கொண்டிருந்தார்.

மாலை நாலரைக்கு லேடீஸ் சீட். நெருக்கமாக ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று ஆணுக்கும் குழந்தைக்கும்கூட ஆசனம் போட்டிருக்கிறார்கள்.

அத்தை விளிம்புக் கம்பியைப் பிடித்துக் கொண்டார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். "அது என்ன வெள்ளையா?" மலையடிவாரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தோண்டிக் கிடந்த இடம் மாக்னசைட் சுரங்கம். சுண்ணாம்பு என்று நினைத்து வெள்ளைக்காரர்கள் சுண்ணாம்புக் குன்றுகள் என்று பெயர் வைத்து விட்டார்கள். உருக்கு உலைகளின் உட்சுவருக்குச் செங்கல் செய்ய உதவுகிற கல் அது. "அந்தத் தனி மலை?" கஞ்சமலை, இரும்பு நிறைந்தது. அதற்கும் அப்பால், வானம் தெளிந்திருக்கும் நாளில் மேட்டூர் அணையின் நீர் தகடு போல் மின்னும் என்பார்கள். அன்றைக்கு மங்கலாக ஏதோ மினுங்கியது. மேட்டூர் என்று நான் சொன்னேன்; மேகம் என்றார் என் கணவர்.

"நம்ம வீடு எங்கே இருக்கும்?" என்று அத்தை கேட்டார்.

விரலை நீட்டி, ரயில் பாதையை வைத்து, ஒரு கோபுரத்தை வைத்து, ஏறக்குறைய ஓர் இடத்தைக் காட்டினோம். ஐம்பது வருஷம் அங்கேயிருந்து இந்த மலையை நிமிர்ந்து பார்த்தவர், இங்கேயிருந்து அந்த வீட்டைக் குனிந்து பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். ஊரைச் சொன்னாரா, வீட்டைச் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா, நான் கேட்கவில்லை.

நீங்கள் போவதானால் சில குறிப்புகள். நெரிசல் பிடிக்காதென்றால் சனி, ஞாயிறு வேண்டாம். மே மாதக் கோடை விழா சமயத்தில் மலைச் சாலைகளை ஒருவழிப் பாதையாக்கி, ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று பிரித்து விடுவது உண்டு. விசாரித்துக் கொண்டு கிளம்புங்கள். மழைக் காலத்தில் மலை அழகு. ஆனால் மலைக்குச் சீற்றமும் உண்டு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுச் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்று போயிற்று. பெருமழை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். 250 கோடி வருஷம் இருந்த மலை இன்னும் ஒரு வாரம் இருக்கும். பிடிப்புள்ள செருப்பு போட்டுக் கொள்ளுங்கள். காட்டெருமையைக் கண்டால் போட்டோ எடுக்கக் கிட்டே போகாதீர்கள். தோட்டத்துப் பாதைகள் பல சொந்த நிலம். கேட்டு விட்டு நுழையுங்கள். இருட்டுவதற்கு முன் மலையை விட்டு இறங்கி விடுங்கள்.

கடைசிக் குறிப்பை நாங்களே கடைப்பிடிக்கவில்லை. சூரியன் இறங்கியது. பள்ளத்தில் ஒன்று, இரண்டு, பத்து என்று விளக்குகள் ஏற்றிக் கொண்டது சேலம். கார்த்திகை தீபத்தன்று நம் வீட்டு வாசற்படி இருக்குமே, அப்படி. கூட்டம் கலைந்தது. என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மா, போகலாமா? நேரமாச்சு" என்றார்.

அத்தை திரும்பக்கூட இல்லை. தோளிலிருந்த பையைக் கழற்றிப் பின்னால் நீட்டினார்.

"நீ போய்க் காரிலே உட்காருடா. இந்தப் பையையும் பார்த்துக்கோ."